அஞ்சாம் சனிக்கிழமைக் கூலி

எங்கள் வீட்டில் முதன்முதலாக பட்ஜெட் போட்டவள் நான். போட்டதோடு நிற்காமல், ஒன்றரை வருசம் அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் காத்தவளும் நான்தான். பட்ஜெட் போடுவது பெரிய வித்தை இல்லை. பேனாவும் கொஞ்சம் ஆசையும் இருந்தால் யாரும் போடலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் வருகிற ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டுவதில்தான் சங்கதி இருக்கிறது. இதைப் பெருமைக்காகத்தான் எழுதுகிறேன். அடக்கமாக எழுதும்படி எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

எதற்காக பட்ஜெட் போட்டேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கக்கூஸ் கட்டுவதற்காக. கதவும் உள்தாழ்ப்பாளும் வைத்த ஒரு கக்கூஸ், என் அம்மாவுக்கு.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் பல்லடத்துக்குப் பக்கத்தில், அரசாங்கம் கட்டிக்கொடுத்த காலனியில் இருந்தோம். ஒரே அறை, ஓட்டுக்கூரை, பின்னால் ஒரு மாட்டுவண்டி நிற்கிற அளவுக்கு வெற்றிடம். தாத்தா காலம் வரைக்கும் எங்கள் ஆட்கள் நிலக்காரர்களின் தோட்டத்தில் கூலி வேலை செய்தார்கள். அந்த நிலக்காரர்களைப் 'பண்ணாடி' என்று கூப்பிட்டார்கள். அப்பா தோட்டத்தை விட்டு விசைத்தறிக்கு வந்துவிட்டார். ஆனால் அந்தச் சொல்லை மட்டும் விடவில்லை. தறிக்குடோனில் அப்பா நான்கு தறி பார்த்துக்கொண்டார். அம்மா அங்கேயே தார் சுற்றினாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சிகளில் நூல் ஏற்றுகிற வேலை. இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் படி மிதித்தவர்கள் இல்லை. நான் ஆறாம் வகுப்பிலிருந்து அரசு விடுதியில் தங்கிப் படித்தேன். பன்னிரண்டு முடித்து, டைப்ரைட்டிங்கும் பாஸ் செய்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

விடுதியில் கக்கூஸ் இருந்தது. தண்ணீர் ஒழுங்காக வராது. ஒன்றில் தாழ்ப்பாள் கிடையாது. வெளியே யாராவது கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இருந்தாலும் கதவு கதவுதான். அத்தனை வருசம் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து பழகியவள், காலனிக்கு வந்ததும் மறுபடியும் அம்மாவின் பின்னால் ஊருக்கு வெளியே புதர் மண்டிய கரட்டுமேட்டுக்கு நடந்தேன். விடிவதற்கு முன்னால் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை. நடுவில் கிடையாது. நடுவில் வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டும்.

எனக்குக் கோயமுத்தூர் உக்கடத்தில் ஒரு கடையில் வேலை கிடைத்தது. பைப்பு, குழாய், பீங்கான் சாமான் விற்கிற கடை. காலையில் பல்லடத்தில் பஸ் ஏறி, சிங்காநல்லூரில் இறங்கி, டவுன் பஸ் மாறிப் போவேன். பில் அடிப்பதுதான் வேலை. கக்கூஸ் கோப்பை வெள்ளை ஒன்று, கக்கூஸ் கோப்பை ரோஸ் ஒன்று, சிமெண்ட் பைப் இத்தனை அடி. நாள் முழுக்க ஊரார் வீட்டுக் கக்கூசுக்கு பில் அடித்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து இருட்டுக்காகக் காத்திருந்தேன். இதை எத்தனை நாளைக்குப் பொறுத்துக்கொள்வது?

நான் பொறுத்திருந்தாலும் எங்கள் ஊர்ப் பண்ணாடி பொறுக்கவில்லை. பெண்கள் ஒதுங்குகிற கரடு அவருடையது. அதில் அவர் கோழிப்பண்ணை போட்டார். பல்லடத்தைச் சுற்றி அப்போது எல்லோரும் போட்டார்கள். நீளநீளமான கொட்டகைகள், அவற்றில் வரிசையாக பல்புகள். வெளிச்சம் இருந்தால் கோழி அதிகம் தின்னுமாம், சீக்கிரம் எடை ஏறுமாம். கோழிக்கு வெளிச்சம் வேண்டியிருந்தது. எங்களுக்கு இருட்டு வேண்டியிருந்தது. கோழிதான் ஜெயித்தது. பெண்கள் இன்னும் தூரமாக, ஓடைக்கு அந்தப்புறம் போக ஆரம்பித்தார்கள்.

அம்மா அதற்கு வேறு வழி கண்டுபிடித்தாள். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். காலையில் ஒரு டம்ளர் காப்பித்தண்ணி, அதோடு சரி. தறிச்சூட்டில் பகல் முழுக்க வேர்த்துக் கொட்ட வேலை செய்வாள். உதடு வெடித்துப் போகும், குடிக்க மாட்டாள். நீர்க்கடுப்பு வந்தது, காய்ச்சல் வந்தது. சரியானது, திரும்ப வந்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா, "நெறையத் தண்ணி குடிக்கணும், அடக்கி வைக்கவே கூடாது. இப்படியே விட்டா கிட்னியில போய் நிக்கும்" என்றார். அம்மா நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டினாள். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள்:

"அந்தம்மாளுக்கு என்ன கண்ணு, ஊட்டுக்குள்ளயே இருக்கும்."

அன்று சாயங்காலம் அப்பாவிடம் கக்கூஸ் கட்ட வேண்டும் என்றேன். அப்பா சிரித்தார்.

"நல்ல சோறு திங்க வழியப் பாரு அம்மிணி. தின்னா தானே அதுக்கு அப்பறம்."

பள்ளிக்கூடத்தில் வீட்டு வரவுசெலவு பற்றி ஒரு பாடம் இருந்தது. அதில் வருகிற அப்பா மாதத்தின் முதல் தேதியில் சம்பளம் வாங்குவார். அந்தக் கணக்குப்படியே ஒரு தாளில் கட்டம் போட்டு, வரவு, செலவு, மீதம் என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். அம்மா கிட்டத்தில் வந்து பார்த்தாள், படிக்கத் தெரியாவிட்டாலும்.

"என்ன கண்ணு இது?"

"ஒரு மாசத்துக்கு நம்ம செலவும்மா."

"மாசமா? நமக்கு ஏது மாசம்? சனிக்கெழமைக்குச் சனிக்கெழமைதான்."

அவள் சொன்னதன் அர்த்தம் எனக்கு இரண்டாவது வாரம் வியாழக்கிழமை புரிந்தது. அன்றைக்குக் கையில் ஒன்றுமில்லை. தறிக்காரர்களுக்கு மாதம் கிடையாது. சனிக்கிழமை கூலி. ஞாயிற்றுக்கிழமை கறி. திங்கள், செவ்வாய் நல்ல குழம்பு. புதன்கிழமையிலிருந்து ரசம். அதிலும் ஒவ்வொரு வாரமும் கூலி ஒரே மாதிரி வராது. நெய்த மீட்டருக்குத்தான் காசு. தறியில் நீளவாக்கில் ஏற்றிய பாவுநூல் தீர்ந்து, புதுப்பாவு ஏறும்வரை தறி நிற்கும். தறி நின்றால் கூலியும் நின்றது. பாடத்தில் வந்த அந்த அப்பாவுக்குப் பாவு தீராது.

தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். தோற்றுவிட்டேன் என்று நினைக்கவில்லை. கட்டம்தான் தப்பு, கணக்கு தப்பில்லை.

இரண்டாவது பட்ஜெட்டுக்குத் தாளே வேண்டியிருக்கவில்லை. குடோனில் நூல் சுற்றி வருகிற அட்டைக் கோன்கள் காலியானதும் குப்பையாகக் கிடக்கும். நூலின் ரகம் தெரிவதற்காக நுனியில் ஒவ்வொரு சாயம் பூசியிருப்பார்கள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாதே தவிர, கோன் சாயம் அவளுக்குத் தெரிகிற மாதிரி முதலாளிக்கே தெரியாது. ஏழெட்டு கோன் கொண்டுவரச் சொன்னேன். அடியை அட்டையால் அடைத்து, உண்டியல் மாதிரி அலமாரித் தட்டில் வரிசையாக நிறுத்தினேன். சிவப்பு ரேஷனுக்கும் மளிகைக்கும். நீலம் மண்ணெண்ணெய்க்கு. பச்சை கறிக்கு. மஞ்சள் அப்பாவின் டீக்கும் பீடிக்கும். கருப்பு நல்லது கெட்டதுக்கு, சீருக்கு. ஊதா என் பஸ் காசுக்கு. இன்னொன்று, ஆரஞ்சு நுனி வைத்தது, எனக்கே எனக்கு. வாரம் ஒரு பத்திரிகை, கொஞ்சம் பூ. அதை எடுத்துவிட்டால் இன்னும் சீக்கிரம் சேருமே என்று அப்பா ஒரு தடவை கேட்டார். சம்பாதிக்கிறவள் நான், எனக்கு ஒரு கோன் கிடையாதா என்று திருப்பிக் கேட்டேன்.

என் மாதச் சம்பளத்தைத் தனியாக வைத்தேன். பாவு இல்லாத வாரம் அதிலிருந்து எடுத்துக் கோன்களில் போடுவோம். ஒரு சட்டமும் போட்டேன்: எந்தக் கோனிலிருந்தும் எந்தக் கோனுக்கும் காசை மாற்றலாம். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் இருக்கும்போது, வாய் திறந்து சொல்லிவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

கக்கூசுக்கு எது? அதற்குத்தான் அஞ்சாம் சனி. நான்கு சனிக்கிழமைக் கூலியில் மாதத்தை ஓட்டிவிட வேண்டும். சில மாதங்களில் ஐந்தாவதாக ஒரு சனிக்கிழமை வரும். அந்தக் கூலி முழுசும் கக்கூசுக்கு. அந்த ஒரு வாரச் சாப்பாடு என் சம்பளத்தில்.

இதைக் கேட்டதும் அப்பா உடனே ஒத்துக்கொண்டார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, டீக்கடையில் சொல்லியிருக்கிறார்: "எம்புள்ள படிச்ச புள்ள, ஆனா வெவரம் பத்தாது. அஞ்சாஞ்சனி எங்க வருது, எப்பவோ ஒருக்கா." காலண்டரில் நான் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டியபோது எண்ணிப் பார்த்தார். வருசத்துக்கு நாலு வந்தது.

"இத மொதல்லயே சொல்லோணுமல்லொ?" என்றார்.

"நீங்க கேக்கலீங்களே."

சொன்ன சொல் மாற மாட்டார் என்பது மட்டும் அப்பாவிடம் நிச்சயம். ஆனால் சொல்லை மாற்றாமலே பட்ஜெட்டை உடைக்க நூறு வழி வைத்திருந்தார். கறிதான் முதல் சண்டை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி அரைக்கிலோ என்பது எங்கள் வீட்டில் சாமி கும்பிடுகிற மாதிரி. நான் அதைக் கால்கிலோ ஆக்கினேன். இல்லாவிட்டால் அதே காசுக்கு பிராய்லர் கோழி ஒரு கிலோ. பிராய்லரை அப்பா ஒரு வாய் மென்று தட்டில் வைத்தார்.

"பஞ்சு. தறியில பகலெல்லாம் பஞ்சத் திங்கறன், ஊட்லயும் பஞ்சா?"

அடுத்த ஞாயிறு, நீலக் கோனிலிருந்து சத்தமில்லாமல் காசு எடுத்து ஆட்டுக்கறி அரைக்கிலோ வாங்கிவந்தார். நன்றாக மசால் அரைத்துக் குழம்பு வைத்தேன், நானும் சாப்பிட்டேன். புதன்கிழமை ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் தீர்ந்தது. யாரிடமும் கைமாற்று கேட்கவில்லை. அம்மாவையும் கேட்கவிடவில்லை. அன்றும் மறுநாளும் பொரியும் வாழைப்பழமும்தான். அப்பா பொரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்பனுக்கே பாடம் நடத்தற."

"பாடம் இல்லீங்கப்பா. மண்ணெண்ணெ இல்லீங்க."

அதற்கப்புறம் நீலத்தைத் தொட்டதில்லை. பச்சையும் மஞ்சளும் மட்டும் அவ்வப்போது தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டன. அதைச் சனிக்கிழமை வாய் திறந்து சொல்லிவிட்டுத்தான் செய்தார்.

காலனியில் விசயம் பரவியது. குழாயடியில் எனக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். ஒரு நாள் குடம் வைத்துக்கொண்டு நின்றபோது எதிர்வீட்டு அக்கா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்:

"ஏனம்மிணி, உங்கூட்ல பேலறதுக்குப் பணம் சேக்கறீங்களாமா?"

"ஆமாங்கக்கா."

"திங்கறதுக்குச் சேப்பாங்க, உடுத்தறதுக்குச் சேப்பாங்க. இது புதுசா இருக்குதே!"

"புதுசுதானுங்கக்கா. கட்டி முடிச்சதும் சொல்றேன், வந்து பாத்துட்டுப் போங்க. டிக்கெட்டெல்லாம் கேக்க மாட்டேன்."

குழாயடி முழுக்கச் சிரித்தது. அந்த அக்காவும் சிரித்தார். சிரிக்கட்டும். சிரிப்புக்கு எந்தக் கோனிலிருந்தும் காசு போவதில்லை.

முதல் வருசத்து அஞ்சாம் சனிகள் போஸ்டாபீசில் என் பெயரில் ஏறின. தீபாவளி போனசிலும் பாதியைப் பேசி வாங்கிச் சேர்த்தேன். கோப்பை, சிமெண்ட், செங்கல், கதவு, கொத்தனார் கூலி எல்லாம் கடையில் விசாரித்து வைத்திருந்தேன். இன்னும் இரண்டு அஞ்சாம் சனி வந்தால் போதும். அப்போதுதான் அத்தை வெற்றிலை பாக்கோடு வந்தார்.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. பொள்ளாச்சி பக்கம் ஒரு ஊரில் வாழ்க்கைப்பட்டவர். மாமா அங்கே தேங்காய்க் களத்தில் வேலை செய்தார். அவர்களின் மகள் பெரியவளாகிவிட்டாள், தெரட்டி வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் அந்தச் சடங்குக்குத் தாய்மாமன்தான் எல்லாம். மேளத்தோடு மாமன் சீர்த்தட்டு வந்தால்தான் பந்தலுக்கு மரியாதை. எத்தனை தட்டு, என்ன சேலை, என்ன நகை என்று மைக்கில் படிப்பார்கள். ஊர் அதைப் பல வருசம் ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

அத்தை டீயைக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணா, நீங்க கொண்டாற சீரத்தானுங் ஊரே பாக்கும். அரைப்பவுன்ல ஒரு தோடு, ஒரு பட்டுச்சேலை, இருவத்தோரு தட்டு. அதுக்கு மேல நான் ஒண்ணுங் கேக்கலீங்."

நான்தான் பேசினேன்.

"அத்தைங்க, சீருக்குன்னு தனியா எடுத்து வெச்சிருக்கறமுங்க. அதுல நல்ல சேலை ஒண்ணு வரும், பதினோரு தட்டு வரும். அத நெறவாச் செய்யறமுங்க."

"தோடு?"

"தோடு வராதுங்க."

அத்தை என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, உங்கூட்ல இப்ப யாருங் பெரியவங்க?"

அப்பா காலி டம்ளரை எடுத்துத் திரும்பவும் குடிப்பது மாதிரி வாயில் வைத்தார். அத்தை எழுந்து முந்தானையை உதறிக்கொண்டார். வாசலில் நின்று, காலனிக்கே கேட்கும்படி சொன்னார்: "பேலறதுக்கு வெச்சிருக்கற காசு எம்மவ சீருக்கு ஆகாதாம். எங்க போயிச் சொல்லுவேன்!"

அவர் போன பிறகு அப்பா என்னிடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தணிந்த குரலில் கேட்டார்.

"அந்தப் பணத்த எடுத்துக் குடு. தெரட்டி முடியட்டும், திரும்பச் சேத்துக்கலாம். கூடப் பொறந்தவ முன்னால வெறுங்கையோட போயி நின்னா என்ற மானம் என்னாகும்?"

"அம்மா விடியறதுக்கு முன்னால ஓடையத் தாண்டிப் போறாளே, அதுல மானம் இல்லீங்களா?"

அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போது அம்மா வாயைத் திறந்தாள். எனக்குத் துணையாகப் பேசப்போகிறாள் என்று நினைத்தேன்.

"குடுத்துப்போடு கண்ணு. இத்தன வருசம் ஓட்டிப்போட்டேன். இன்னொரு வருசம் ஓட்டமாட்டனா?"

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் அத்தை மேல் இல்லை, அப்பா மேலும் இல்லை. யாருக்காகக் கால்கிலோ கறியும் பொரியும் தின்றோமோ, அவளே எடுத்துக் கொடுக்கச் சொல்கிறாள். காலம் முழுக்க இப்படித்தான் கொடுத்திருக்கிறாள். முதலில் தன் பங்குச் சோறு, அப்புறம் தன் பங்குத் தண்ணீர்.

"அடுத்த வருசம் வேற யாராச்சும் பெரியவளாவாங்க. அதுக்கடுத்த வருசம் யாருக்காச்சும் கல்யாணம் வரும். ஒவ்வொரு தடவையும் நீ இதத்தான் சொல்லுவ. நான் குடுக்க மாட்டேன். பாஸ்புக் என்ற பேர்ல இருக்குது. நான் கையெழுத்துப் போட்டாத்தான் பணம் வரும். போட மாட்டேன்."

வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னேன். சொல்லக்கூடாது என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. அதற்குத்தானே என்னைப் படிக்க வைத்தார்கள்?

அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். ஒரே அறைதான், நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பேன். "அந்தச் சொம்ப எடுக்கச் சொல்லு" என்று அம்மாவிடம் சொல்வார். "அப்பா சொம்பு கேக்கறாரு கண்ணு" என்று அம்மா என்னிடம் சொல்வாள். நான் எடுத்து அம்மாவிடம் கொடுப்பேன். சனிக்கிழமைக் கூலியை மட்டும் வழக்கம்போலக் கொண்டுவந்து தரையில் வைத்தார். கோன்களில் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் வைத்தார்.

கருப்புக் கோனைக் கவிழ்த்து எண்ணினேன். பட்டுக்கு எட்டவில்லை. அகலச் சரிகைக் கரை போட்ட, பட்டு மாதிரி பளபளக்கிற அரக்குச் சேலை ஒன்றைக் கோயமுத்தூரில் கடை கடையாக ஏறி எடுத்தேன். தட்டுகளுக்கு மஞ்சள், குங்குமம், வளையல், பழம், வெல்லம், பொட்டுக்கடலை. எல்லாம் வைத்த பிறகும் தட்டுகள் பார்வைக்கு ஒல்லியாகத் தெரிந்தன. தேங்காய் வைத்தால் நிறையும் என்று நினைத்தேன். பல்லடம் சந்தையில் பேரம் பேசி, பெரிய பெரிய காயாகத் தட்டுக்கு மூன்று வருகிற மாதிரி வாங்கினேன். பஸ்ஸில் மூட்டையைத் தூக்கிப் போடும்போது கண்டக்டர், "ஏனுங், பொள்ளாச்சிக்கா தேங்கா போகுது?" என்று கேட்டார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. காலையிலிருந்து என் மனசெல்லாம் கணக்கிலேயே இருந்தது.

ஊர் எல்லையில் பிள்ளையார் கோயில் பக்கத்தில் இறங்கித் தட்டுகளை அடுக்கினோம். எங்களோடு வந்த காலனிப் பெண்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். மேளம் முன்னால் போனது. வழி நெடுகத் தென்னந்தோப்பு. களங்களில் தேங்காய் மலை மலையாகக் குவிந்து கிடந்தது. அதைக் கடந்து நாங்கள் தேங்காய்த் தட்டுகளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போனோம். பந்தலில் மாமா எழுந்து வந்து முதல் தட்டைப் பார்த்தார். இரண்டாவது தட்டைப் பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"ஏனுங் மச்சான், பொள்ளாச்சியில தேங்கா தட்டுப்பாடுன்னு யாருங் சொன்னாங்க?"

பந்தலே விழுந்து விழுந்து சிரித்தது. மேளக்காரர்கூட அடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அப்பாவின் காது சிவந்துபோனது. நான் தட்டை இறக்கி வைத்தேன்.

"காசு குடுத்து வாங்குனதுங்க மாமா. களத்துல பொறுக்குனது இல்லீங்க. ஒடச்சுப் பாத்துக்கங்க."

அடுத்து மைக். சீர் படிக்கிறவரிடம் அத்தை முன்கூட்டியே ஒரு பட்டியல் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. "தாய்மாமன் சீர்... சேலை ஒண்ணு... தட்டு பதினொண்ணு... தோடு..." என்று இழுத்து நிறுத்தி, எங்களைப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் "இல்லீங்" என்றேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, ஊர் முழுக்கக் கேட்கும்படி மைக்கிலேயே படித்தார்:

"தோடு இல்லை."

நான் தலையைக் குனியவில்லை. என் கண் முன்னால் வெள்ளைக் கோப்பை இருந்தது. யாராவது சிரித்தால் அவர்கள் முகத்தையே பார்த்தேன். முதலில் அவர்கள்தான் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு, எங்கள் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தை மகளுக்குக் கன்னத்தில் சந்தனம் பூசப் போனேன். குனிந்தபோது மெதுவாகக் கேட்டாள்:

"அக்கா, நெசமாவே கதவு வெச்சுக் கட்டறீங்களா?"

"நெசமாத்தான்."

"உள்ளாற தாப்பாளும்?"

"உள்ளாறதான் தாப்பாள்."

அந்தப் பெண்ணைப் பச்சை ஓலைக் குடிசையில் தனியே உட்காரவைத்து, வெளியே போகும்போதெல்லாம் காத்துக்கருப்பு அண்டாதபடி கையில் இரும்பைக் கொடுத்து, இரண்டு பேரைத் துணைக்கு அனுப்பியிருந்தார்கள். அவளுக்குத் தோடு பெரிதா, தாழ்ப்பாள் பெரிதா என்று யாரும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. அப்பா எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அந்தக் கோப்பை என்ன வெலை?"

இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது அவர் என்னோடு பேசி. விலையைச் சொன்னேன்.

"வெள்ளையா?"

"வெள்ளைதானுங்க. ரோஸ் வெலை சாஸ்தி."

"வெள்ளையே போதும்." கொஞ்ச நேரம் கழித்து, "மைக்குல படிக்கறாங்களாமா, மைக்குல. அவ வந்து பாக்கோணும். கட்டிக் காட்டோணும்" என்றார்.

என் நியாயம் அவருக்குப் புரிந்துவிட்டது என்று நான் ஏமாறவில்லை. தங்கை மேல் வந்த கோபம்தான். கோபத்தில் கட்டினால் என்ன, அதற்கும் கதவு இருக்கும்.

மீதி இரண்டு அஞ்சாம் சனியும் வந்தன. கடையில் விளிம்பில் கீறல் விழுந்த கோப்பை ஒன்று கிடந்தது. பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார் முதலாளி. வேண்டாம் என்றேன். நான் முழுக் கோப்பைக்குத்தான் சேர்த்திருந்தேன். அம்மா பெயரைப் போட்டு நானே பில் அடித்தேன். அம்மாவின் பெயர் முதன்முதலாக ஒரு பில்லில் ஏறியது அன்றுதான்.

குழியை அப்பாவே தோண்டினார். இடுப்பளவு போயிருக்கும்போது பண்ணாடி தன் மொபட்டை நிறுத்தினார்.

"என்னடா குழி?"

அப்பா மண்வெட்டியை விட்டுவிட்டுத் துண்டை எடுத்தார். "கக்கூசுக்குங்க பண்ணாடி."

"இந்தக் குழித்தண்ணி எங் கெணத்துல எறங்குமல்லடா? யாரக் கேட்டு வெட்டறே?"

அப்பா குழிக்குள் நின்றபடி என்னைப் பார்த்தார். நான் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தேன். எழுந்து போனேன்.

"ஏனுங்க, உங்க கெணறு ரோட்டுக்கு அந்தப்பக்கமுங்க. கோழிப்பண்ணைக் கழிவ எங்க குடிதண்ணிக் குழாய்கிட்டக் கொட்டறீங்க. பஞ்சாயத்துல ரெண்டையும் ஒண்ணாவே எழுதிக் குடுக்கட்டுங்களா?"

ஒவ்வொரு சொல்லிலும் 'ங்க' இருந்தது. மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "புள்ளையப் படிக்க வெச்சது நல்லாத் தெரியுது" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு மொபட்டை உதைத்தார். அப்பா துண்டைக் கட்டிக்கொண்டு மறுபடியும் வெட்ட ஆரம்பித்தார். முன்பைவிட வேகமாக வெட்டினார்.

கதவு தகரக் கதவு. உள்ளே நல்ல தடித்த தாழ்ப்பாள். சிமெண்ட் காய்ந்து, கொத்தனார் இனிப் புழங்கலாம் என்று சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எதிர்வீட்டு அக்காவும் இன்னும் நாலைந்து பேரும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். அத்தை வரவில்லை. அதற்கப்புறம் இரண்டு பொங்கலுக்கு வரவில்லை. அது அவர் விருப்பம். அப்பா, "கட்டியாச்சல்ல, இனி அந்தக் கோனையெல்லாம் எடுத்துப்போடலாமா?" என்று கேட்டார். "மழைக்கு ஓடு மாத்தோணுமுங்க" என்றேன். "இந்த மாசத்துலயும் அஞ்சு சனிங்க." அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அம்மா பட்டப்பகலில், சூரியன் உச்சியில் இருக்கும்போது, பக்கெட்டில் தண்ணீரோடு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. வெளியே நின்றவர்கள் ஏதேதோ பேசிச் சிரித்துவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள். அம்மா வரவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. மறுபடியும் கடுப்போ, மயக்கமோ என்று ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.

"அம்மா! என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல கண்ணு."

"பின்ன ஏன் இத்தன நேரம்?"

"சும்மா உக்காந்திருக்கறேன்" என்றாள். "யாருமில்லாம உக்காந்து எத்தன வருசமாச்சு. நீ போ."

நான் போகவில்லை. பத்தடி தள்ளிச் சந்து முனையில் நின்றுகொண்டேன். எதிர்வீட்டு அக்கா சொம்போடு வந்தார், தானும் ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டுக்கொண்டு.

"உள்ள ஆள் இருக்குதுங்கக்கா. அம்மாவா எப்ப வெளிய வர்றாளோ, அப்பத்தான்" என்றேன்.